மூலைத் தூண்

ஊசியக்காவுக்கு வேலை ரத்தப் பரிசோதனை நிலையத்தில். வெறும் வயிற்றோடு வருகிறவர்களின் கையில் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டிப் பார்த்து, "கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கும், அந்தப் பக்கம் பாருங்க" என்று ரத்தம் எடுப்பாள். புருஷன் அரண்மனையில் கைடு. அவர் பெட்டியோடு கிளம்பிப் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. போன இடம் ஆற்றுக்கு அக்கரையில், அரண்மனை வாசலில் டிக்கெட் கிழிக்கிற அம்மாள் வீடு. தெருவுக்கே தெரிந்த இந்தச் சங்கதி தெரியாத ஒரே ஆள் வெளியூரில் இருக்கும் அவள் தம்பி.

கிளம்புகிற அன்று அவள் கேட்டது, "கண்ணாடியை எடுத்துக்கிட்டீங்களா?" என்பது மட்டும்தானாம். எதிர்வீட்டார் இன்னும் அந்த ஒரு வரியை வைத்துத்தான் பொழுதை ஓட்டுகிறார்கள். ஆறுதல் சொல்லப் போனவர்களுக்கெல்லாம் ஏமாற்றம். அவள் அழவுமில்லை, திட்டவுமில்லை. காப்பி கொடுத்து அனுப்பினாள்.

இந்த நிலையில்தான் தம்பி பெண்டாட்டியோடு ஊர் சுற்றிப் பார்க்க வந்து இறங்கினான். அவனுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று அவள் அறிவாள். "தனியா எதுக்குக்கா" என்று கையோடு கூட்டிப் போய்விடுவான். அவன் வீட்டுக் கூடத்தில் ஒரு மூலை, அவன் பிள்ளைகளுக்கு டிபன் டப்பா, அத்தோடு மிச்ச ஆயுசு. அவளுக்கு வேண்டியிருந்தது இந்த இரண்டு அறையும் காலை வேலையும். வேறு ஆசை ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். அகப்படவில்லை.

மாடிவீட்டுக்காரம்மா தன் வீட்டுக்காரரின் சட்டை இரண்டைக் கொண்டுவந்து கொடியில் போட்டாள். "ஆம்பளைத் துணி காயலேன்னா மொதல்ல கண்ணுல படறது அதுதான்." மாமா வெளியூர் குரூப்போடு போயிருக்கிறார் என்று தம்பியிடம் சொல்லியாயிற்று. அரண்மனைக்குச் செவ்வாய்க்கிழமையைக் குறித்தாள். பதினேழு வருஷமாக அவருக்கு வார லீவு செவ்வாய். வீட்டிலேயே கைடு இருக்கிறாரே, எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று இருந்ததில், அவள் அரண்மனைக்குள் காலே வைத்ததில்லை.

வாசலில் டிக்கெட் கிழிக்கிற அம்மாள் நின்றிருந்தாள். புதுக்குடித்தனக்காரர்கள் ஒன்றாக இருக்க லீவு நாளை மாற்றிக்கொண்டிருப்பார்கள், இவள் இருந்தால் அவரும் உள்ளே இருப்பார் என்று ஊசியக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தம்மாள் நிமிராமல் கிழித்தாள். ஊசியக்கா அவள் கையைப் பார்த்தாள். நல்ல நரம்பு, ஒரே குத்தில் கிடைக்கும் என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது.

"மாமா!" என்று தம்பி கத்திக்கொண்டு போய்க் கட்டிக்கொண்டான். "ஊர்ல இல்லேன்னு அக்கா சொல்லிச்சு?"

"காலைலதான்டா வந்தேன். நேரா டியூட்டி" என்றார் கைடு. ராஜாக்களுக்கே கதை கட்டுகிற வாய்க்கு இது எம்மாத்திரம்.

ராணி குளித்த இடம், ராஜா கோபித்த இடம் எல்லாம் பார்த்து, கடைசியில் குவிமாட அறை. ஒரு மூலைத் தூணில் வாய் வைத்து முணுமுணுத்தால் எதிர்மூலைத் தூணில் தெளிவாகக் கேட்கும். நடுவில் நிற்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது. ஒவ்வொரு குரூப்பிலும் ஒரு ஜோடியைக் கூப்பிட்டு நிறுத்துவது அவர் வழக்கம்.

"இன்னிக்கு நீங்களும் அக்காவும் நில்லுங்க மாமா. எத்தனை நாள்தான் அடுத்தவன் ஜோடியையே நிறுத்துவீங்க?"

கூட்டம் சிரித்தது. அவர் போய் நின்றார். ஊசியக்காவும் போய்க் கல்லில் காதை வைத்தாள். "நானும் கேக்கறேன் அண்ணி" என்று தம்பி பெண்டாட்டி அதே தூணில் ஒட்டிக்கொண்டதை அவள் கவனிக்கவில்லை.

கல்லுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. "இவங்க போற வரைக்கும் வேணா நான் வீட்ல வந்து இருக்கட்டுமா? அவகிட்ட சொல்லிக்கறேன்."

"வேணாம். மாடிவீட்டுக்காரர் சட்டை காயுது, அதுவே போதும்."

திரும்பினால் ஒரு சாண் தூரத்தில் தம்பி பெண்டாட்டியின் முகம்.

"என்னக்கா சொன்னாரு?" என்றான் தம்பி நடுவிலிருந்து.

ஊசியக்காவுக்குப் பயம்கூட வரவில்லை.

"புருஷன் பொண்டாட்டி பேச்சு உங்களுக்கு எதுக்கு?" என்றாள் தம்பி பெண்டாட்டி. "வாங்க, பசிக்குது."

சாயங்காலம் "மாமா ஏன் இன்னும் வரல?" என்று அவன் கேட்டபோதும் அவள்தான் சொன்னாள்: "அண்ணாவுக்கு மறுபடி வெளியூர் குரூப்பாம். என்கிட்ட சொல்லிட்டுதான் போனாரு." அது நல்ல மனசா, இல்லை அவள் வீட்டுக் கூடத்தில் இன்னொரு பாய் விரிக்க இடமில்லையா என்று தெருவில் இரண்டு கட்சி உண்டு. அவளை யார் கேட்பது.

கொடியிலிருந்த சட்டைகளை அவளே எடுத்து மடித்து ஊசியக்காவின் கையில் கொடுத்தாள்.

"நாங்க ஊருக்குப் போனதும் இதைத் திருப்பிக் குடுத்துடுங்க அண்ணி. இங்கேயே இருங்க. யார் கூப்பிட்டாலும் இருங்க."

ஊசியக்கா வாங்கிக்கொண்டாள். ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடிப்பதுபோல் சட்டைகளைக் கையோடு அழுத்திக்கொண்டு நின்றாள். வலி வருகிறதா என்று பார்த்தாள். பிறகு நாளைக்குக் காலை வேலைக்கு அலாரம் வைக்கப் போனாள்.