கடைசி வாய்தா

நீதி தன் சொந்தக் கால்களால் நடந்து தெருவுக்கு வரும் நாள் ஒரு நாட்டின் சரித்திரத்தில் அபூர்வமாகத்தான் வாய்க்கும். அப்படி வாய்த்த அன்று அதன் ஒரு காலில் கறுப்புக் காலுறையும் மறுகாலில் கருநீலக் காலுறையும் இருந்தன. கால்கள் வக்கீலுடையவை. அவசரத்தில் மாட்டியவரும் அவரேதான்.

"இன்னைக்கு எங்கம்மா கேஸ் இருக்குல்ல?" என்றாள் மனைவி, கோட்டின் தோளைத் தட்டிவிட்டபடி.

மாமியார் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் நிற்கும் மதில் சுவர் யாருடையது என்று மாமியார் போட்ட வழக்கு அது. வக்கீலின் மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது தொடங்கியது. இப்போது அவள் சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். மாமியார் பக்கம் ஆதாரம் என்று எதுவும் கிடையாது என்பதால், வழக்கை நடத்தவே விடாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் தோற்காமல் இருக்க வழி என்று வக்கீல் கண்டுபிடித்திருந்தார்.

"நாடே ரோட்டுல நிக்குது. இன்னைக்குப் போய் எந்த ஜட்ஜு சுவரைப் பத்திப் பேசப்போறாரு? வாய்தா தானா விழும்."

வழக்கைத் தள்ளிப்போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அவருக்குக் காய்ச்சல் வரும், கட்சிக்காரருக்குப் பல்வலி வரும், சாட்சிக்கு வெளியூரில் துக்கம் வரும். சின்னக் கோர்ட்டில் அவர் பெயரே வாய்தா என்று ஆகிவிட்டது. டீக்கடைக்காரர்கூட "வாய்தா சாருக்கு ஒரு ஸ்ட்ராங்" என்றுதான் குரல் கொடுப்பார். இதெல்லாம் அவருக்கு உறைப்பதில்லை. மகள் தன் தோழிகளிடம் "அப்பா சும்மா சட்ட ஆலோசனை மாதிரி ஏதோ பண்றார்" என்று சொல்லிக்கொண்டிருப்பது மட்டும் உறைத்தது.

மகளும் அன்று கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நீங்க வாங்க, வேணாங்கல. ஆனா முன்வரிசைல நிக்காதீங்க. போராட்டத்தையே அடுத்த மாசத்துக்குத் தள்ளி வெச்சிருவீங்க."

"நான் பின்னாடியே நிக்கிறேம்மா."

விவகாரம் இதுதான். அரசாங்கம் விரும்பாத தீர்ப்பு ஒன்றைப் பெரிய கோர்ட் கொடுத்துவிட்டது. உடனே அரசாங்கத்துக்கு நீதிபதிகளின் ஆரோக்கியத்தில் பெரும் அக்கறை பிறந்தது. எந்த நீதிபதியையும் உடல்நலம் கருதி மந்திரிசபை வீட்டுக்கு அனுப்பலாம் என்று ஓர் அவசரச் சட்டம் வந்தது. அது செல்லுமா என்று மூன்று நீதிபதிகள் அன்று காலை விசாரிக்க உட்கார்ந்தார்கள். அதே காலையில், அந்த மூவரும் ஓய்வெடுக்க வேண்டும் என்ற உத்தரவோடு ஓர் அதிகாரி காரில் புறப்பட்டார். உத்தரவு அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தால் தீர்ப்பு எழுத ஆள் இருக்காது. ஆகவே பெரிய கோர்ட்டின் வாசலை அடைத்துக்கொண்டு சனங்கள் நின்றார்கள். அதிகாரியின் கார் போலீஸ் வரிசைக்குப் பின்னால் உறுமிக்கொண்டிருந்தது.

வக்கீல் சங்கத் தலைவர் ஸ்டூல் மேல் ஏறியிருந்தார். "என் மார்பைப் பிளந்துவிட்டுத்தான் அந்தக் கார் உள்ளே போக வேண்டும்," என்று அவர் கர்ஜித்துக்கொண்டிருந்தபோது, போலீஸார் வேனிலிருந்து தடிகளை இறக்கினார்கள். தலைவருக்குத் தொண்டை வறண்டது. தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி இறங்கினார். எந்தக் கடலில் குடிக்கப் போனாரோ, திரும்பவில்லை. அவரைச் சுற்றி நின்ற முன்வரிசைக்கும் அதே நேரத்தில் தாகம் எடுத்தது. முன்வரிசை கரையக் கரைய, பின்வரிசை முன்வரிசை ஆயிற்று. வாய்தா ஓர் அடிகூட எடுத்து வைக்காமலே எல்லோருக்கும் முன்னால் நின்றார்.

"கலைஞ்சு போங்க. கார் போகணும்," என்றார் போலீஸ் அதிகாரி. "இல்லேன்னா அடிச்சுக் கலைப்போம்."

வக்கீலின் தலைக்குள் ஒன்றும் ஓடவில்லை. உடம்புதான் தன் பழக்கத்தில் இயங்கியது. இடுப்பு லேசாக வளைந்தது, வலது கை கோட்டின் ஓரத்தைப் பிடித்தது, குரல் குழைந்தது.

"ஐயா, ஒரு சின்ன விண்ணப்பம்."

போலீஸ் அதிகாரி தன் சர்வீஸில் பாதியைச் சாட்சிக் கூண்டில் கழித்தவர். கறுப்புக் கோட்டு இப்படி வளைந்தால் அது பேசி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அவர் எலும்பில் ஊறியிருந்தது.

"சொல்லுங்க," என்றார், தடியைத் தாழ்த்தி.

"கலையச் சொன்ன உத்தரவு எங்களுக்கு முறைப்படி வரலையே. ஒரு நகல் கிடைச்சா படிச்சுப் பார்த்து, கீழ்ப்படியலாம்."

நகல் எடுக்க ஒரு ஜீப் போயிற்று. அது வருவதற்குள் ஆஸ்பத்திரியில் வேலை முடிந்த நர்ஸுகள் வந்து உட்கார்ந்தார்கள்.

நகல் வந்தது. வக்கீல் அதை முன்னும் பின்னும் புரட்டினார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"ரொம்பத் தெளிவா இருக்குங்க. ஆனா நான் சம்மதிச்சா செல்லாது. எங்க தலைவர் தண்ணி குடிக்கப் போயிருக்கார். அவர் வந்து சொல்லணும்."

"எப்ப வருவாரு?"

"தாகம் தீர்ந்ததும்."

தலைவரைத் தேடி இரண்டு போலீஸ்காரர்கள் போனார்கள். போலீஸ் தேடுகிறது என்று கேள்விப்பட்ட தலைவர் இன்னும் தூரம் போனார். அதற்குள் பஸ் ஓட்டுநர்களும் வங்கிக்காரர்களும் வந்துவிட்டார்கள். தெரு இரு முனையிலும் அடைபட்டது.

"சார், போதும்," என்றார் அதிகாரி. "இனிமே முடியாது."

"நியாயம்தாங்க. ஆனா இது சாப்பாட்டு நேரம். கோர்ட்டே எந்திரிச்சிரும். பாவம், உங்க ஆளுங்களும் காலைலேருந்து நிக்கிறாங்க."

போலீஸ்காரர்கள் வேறு எங்கோ பார்த்தார்கள். யாருடைய வயிறோ அதை ஆமோதித்தது.

"இதுதான் கடைசி வாய்தா," என்றார் அதிகாரி. சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கு விளங்கியது.

"கடைசிதாங்க," என்றார் வக்கீல், ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய பணிவோடு.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பின்வரிசை வரைக்கும் பரவியது. சின்னக் கோர்ட் குமாஸ்தா ஒருவர் "வாய்தா" என்று குரல் கொடுக்க, "கொடு" என்றது தெரு. "வாய்தா," "கொடு," "வாய்தா," "கொடு." பதவி போகவிருந்த மூன்று பேர் உள்ளே தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்க, வெளியே வக்கீலின் பட்டப்பெயரைத் தெரு முழுவதும் முழங்கிக்கொண்டிருந்தது. அவருக்குக் கண் கலங்கியது. கோட்டின் புழுக்கம் என்று சொல்லிக்கொண்டார்.

சாப்பாடு முடிந்து போலீஸார் கை துடைத்தபோது செய்தி வந்தது. அவசரச் சட்டம் செல்லாது. கார் உறுமலை நிறுத்தியது. ஓய்வு உத்தரவோடு வந்த அதிகாரி இறங்கி, டிரைவரிடம் பக்கத்தில் கழிப்பறை எங்கே என்று விசாரித்தார்.

போலீஸ் அதிகாரி வக்கீலிடம் வந்தார். "சார், எங்க அண்ணனுக்கு ஒரு கேஸ் இருக்கு. கொஞ்சம் இழுக்கணும்."

"கூட்டிட்டு வாங்க."

மகள் தோழிகளை இழுத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தாள். "இவர்தான் எங்கப்பா," என்றாள். பிறகு, அவர்கள் சரியாகக் கேட்டார்களோ இல்லையோ என்று, "வாய்தா," என்றும் சேர்த்துக்கொண்டாள். அவருடைய கோட்டை வாங்கித் தன் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, வீடுவரை அவளே சுமந்து வந்தாள். வழியில் ஓர் இடத்தில் குனிந்து அவர் காலுறைகளைப் பார்த்து, "ரெண்டும் வேற வேற கலரப்பா," என்றாள். அதில் கேலி இல்லை.

மனைவி கதவைத் திறந்தாள். உள்ளே டிவியில் அவர் இடுப்பை வளைத்துக்கொண்டிருந்தார். அதன் எதிரில் மாமியார் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பார்த்தேன் மாப்பிள்ளை," என்றார் மாமியார். "நல்லாத்தான் கேட்டீங்க."

சின்னக் கோர்ட் நீதிபதி அன்று வழக்கம்போல வந்து உட்கார்ந்திருந்தார். மதில் சுவர் வழக்கை மூன்று தடவை கூப்பிட்டார்கள். வாய்தா கேட்க யாரும் இல்லாததால் அது தள்ளுபடி ஆயிற்று.