கிழக்கு பார்த்த பிறைகள்

சிதம்பரம் ஞானசேகரனுக்கு வாசல் என்றால் கிழக்கு பார்க்க வேண்டும். வீடு, மாட்டுக்கொட்டகை, டிபன் பாக்ஸைத் திறக்கிற பக்கம் எல்லாமே. 2009இல், சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் மரம் வளர்க்கும் வேலைக்கு சூப்பர்வைசராக வந்தபோதும், அந்தக் கொள்கையை அவர் கீழே வைத்துவிட்டு ஏறவில்லை.

அந்த மேட்டில் தண்ணீர் தங்காது. மழை களிமண்ணில் வழுக்கி ஓடிவிடும். தண்ணி லாரி பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கித் திரும்பிவிடும். அதனால் கன்றுக்கு ஒரு பிறை என்று, பிறைநிலா வடிவில் மண்கரை கட்டினார்கள். மேலிருந்து வரும் நீர் பிறையின் வாய் வழியே நுழைந்து, கரையில் முட்டி நின்று, வேருக்கு இறங்க வேண்டும். அறுநூறு பிறைகளுக்கும் ஞானசேகரன் வாயைக் கிழக்கே வைத்தார்.

மேற்குச் சரிவில் கிழக்கு என்பது மேடு, பிழைத்தார். கிழக்குச் சரிவில் கிழக்கு என்பது பள்ளம். புரட்டாசியில் முதல் மழை கொட்டிய மறுநாள், மேற்கே புங்கங்கன்றுகள் தளதளவென்று நின்றன. கிழக்கே முந்நூறும் குடைபிடித்து நின்றவைபோல் வாடியிருந்தன.

கன்று நடும் பெண்களுக்குத் தலைவியான ஜெயராணி ஒரு பிறைக்கு மேலே நின்று பாட்டில் தண்ணீரைச் சரித்தாள். அது கரையின் முதுகில் மோதி, இரண்டாகப் பிரிந்து, கன்றைத் திரும்பியும் பார்க்காமல் போனது.

"வாசல் நல்லாதான் வச்சிருக்கீங்க சார். தண்ணி கொல்லப்பக்கமா இல்ல வருது."

அடுத்த வாரம் கணக்கெடுப்பு. கன்றுகள் பட்டுப்போனால் வேலை போகும். போனால் சேத்தியாத்தோப்பில் மச்சானின் உரக்கடையில் உட்கார்ந்து நாள் முழுக்க மச்சானைக் கேட்க வேண்டும். ஆனால் அவருக்குப் பெரிய கவலை அதுவல்ல. அந்த முந்நூறையும் பல நடையாக மடியில் வைத்து டிராக்டரில் கொண்டுவந்தவர் அவர்.

கடலூர்ப் பக்கம் வானம் கறுத்தது. ஞானசேகரன் வேட்டியை மடித்துக் கட்டி மண்வெட்டியை எடுத்தார். பெண்கள் முப்பது பேரும் சிரித்துக்கொண்டே பின்னால் வந்தார்கள். மேல்கரையை வெட்டு, கீழே இழு, மிதி. அவர் மூன்று முறை சறுக்கி விழுந்தார்; மூன்றாவது முறை அவர் உருண்ட வழியே ஒரு கரை தானாகவே சமமாயிற்று என்று ஜெயராணி பாராட்டினாள். கடைசிப் பிறையின் மேல்கரையை வெட்டித் தள்ளியதும் மழை இறங்கிவிட்டது. கீழே கரை போட நேரமில்லை.

ஞானசேகரன் கன்றுக்குக் கீழே குறுக்காகப் படுத்துவிட்டார். முதுகில் ஜில்லென்று நீர் ஏறியது.

ஜெயராணி குனிந்து பார்த்தாள். "சார், தல வடக்கால இருக்கு."

பிணத்தைக்கூட அவர் அப்படிக் கிடத்த விடமாட்டார். சேற்றுக்குள்ளிருந்து கேட்டார்:

"தண்ணி நிக்குதா?"

"நிக்குது."

"அப்ப இருக்கட்டும் போம்மா."