வெர்லீன் வாங்காத அடி

தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் வெர்லீன் தன் சொந்தத் தம்பியை அடித்துக்கொண்டிருந்தாள். பேருக்குத் தட்டும் தட்டல்ல, கன்னம் கன்றிப்போகிற அடி. வெள்ளைக்காரன் வாயிலிருந்து வந்தால் கறுப்பர்களுக்கு ரத்தம் கொதிக்குமே, அந்த வசவையும் சொல்லித் துப்பினாள். ஆர்லிஸ் மண்டியிட்டு, பிடரியில் கைகளைக் கோத்து, தரையைப் பார்த்தபடி வாங்கிக்கொண்டான்.

ஊர்வலத்தில் போலீஸ் அடித்தாலும் திருப்பிக் கை ஓங்காமலிருக்கப் பழகும் ஒத்திகை இது. இந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தவர் அவர்களுடைய தாய்மாமா ஹோசியா. கறுப்பு மக்களுக்கு ஓட்டுரிமை கேட்டதற்காக அவரை நீதிமன்றப் படிக்கட்டிலேயே அடித்துக் கொன்றார்கள். இவர்கள் அப்போது பிறக்கக்கூட இல்லை. அவர் செத்த நாளில் வருஷாவருஷம் அதே படிக்கட்டுக்கு நடக்கிறார்கள்.

இந்த வருஷம் இன்னொரு சாவும் சேர்ந்துகொண்டது. காரை ஓரங்கட்டச் சொன்ன ஒரு போலீஸ்காரன், சொன்னபடி ஓரங்கட்டிய பையனைச் சுட்டுவிட்டான். பையன் வேறு யாருமில்லை, ஆர்லிஸின் ஒரே மகன் டெவான். சுட்டவன் இன்னும் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு அதே தெருவில் சுற்றுகிறான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

மகன் படத்தை ஏந்தி முதல் வரிசையில் நடப்பேன் என்று ஆர்லிஸ் நின்றான். வெர்லீன் மறித்தாள்.

"நீ வீட்லயே இருடா. அந்தப் படுபாவியப் பாத்தா உன் கை சும்மா இருக்காது. நீ கை ஓங்கினா போதும், உன்னையும் சுட்டுட்டு, பயத்துல சுட்டோம்னு சொல்லிடுவானுங்க."

"அடிச்சுப் பாருக்கா. என் கை எந்திரிச்சா நான் வரல."

அதனால்தான் அடித்தாள். கடைசியில், டெவான் செத்தது சரிதான் என்றுகூடச் சொன்னாள். ஆர்லிஸின் தோள் குலுங்கியது, கை எழவில்லை. அப்புறம் அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

ஒரு விஷயம் மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை. இத்தனை வருஷமும் அடிப்பவள் வெர்லீன்தான். அவளை மண்டியிட வைத்து யாரும் அடித்ததில்லை. பாடகர் குழுவையே ஒரு பார்வையில் அடக்குகிறவளை அடிக்க யாருக்குத் துணிச்சல் வரும்? தனக்குப் பழக்கம் தேவை என்று அவளுக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை, ஞாயிற்றுக்கிழமைக்குப் போடும் நல்ல உடுப்பும் தொப்பியுமாக நடந்தார்கள். படிக்கட்டை மறித்துப் போலீஸ் நின்றது. கலைந்து போகச் சொன்னார்கள். யாரும் கலையவில்லை, அப்படியே மண்டியிட்டார்கள். உடனே தடிகள் இறங்கின.

முதல் அடி, ஆர்லிஸ் தன் முன்னால் தரையில் வைத்திருந்த டெவானின் படத்தில் விழுந்தது. அடுத்தது ஆர்லிஸின் வாயில். பல்லும் ரத்தமுமாகத் துப்பினான், ஆனால் பிடரியில் கோத்த கைகளைப் பிரிக்கவில்லை. மூன்றாவது அடிக்குத் தடி ஓங்கியபோது வெர்லீன் எழுந்துவிட்டாள். எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. தடியைப் பிடுங்கி, அடித்தவன் முகத்திலேயே போட்டாள். ஆத்திரம் அடங்கவில்லை, இன்னொன்று போட்டாள்.

மூன்று துப்பாக்கிகள் அவள் பக்கம் திரும்பின.

ஆர்லிஸ் பாய்ந்து அவளைக் கீழே தள்ளி மேலே கவிழ்ந்தான். அவள் கையிலிருந்த தடியைத் தட்டிவிட்டு, மணிக்கட்டைத் தரையோடு அழுத்தினான். அடிகளெல்லாம் அவன் முதுகில் விழுந்தன.

"விடுடா, உன்னக் கொல்றானுங்கடா," என்று கதறினாள்.

"புள்ளையக் குடுத்துட்டேன். உன்னையும் குடுக்க மாட்டேன், அசையாம கிட, அக்கா."

அடுத்த அடியில் அவன் விலா எலும்பு முறிந்ததை அவள் தன் நெஞ்சில் உணர்ந்தாள். அப்போதும் அவள் கை அவன் பிடியில் திமிறிக்கொண்டுதான் இருந்தது.