முதலில் ஒரு பாராட்டு

கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்பார்கள். அந்த நகராட்சியில் கரைப்பதற்கென்றே சம்பளம் வாங்கிய ஒருத்தி இருந்தாள். குப்பையைப் பிரித்துப் போடுங்கள், மிஞ்சிய சாப்பாட்டைக் கொட்டாதீர்கள், தேவையில்லாததை வாங்கிக் குவிக்காதீர்கள், வெயிலில் திரியும் நாய்க்கு ஒரு கிண்ணம் தண்ணீர் வையுங்கள் என்று வீடு வீடாகக் கதவைத் தட்டிச் சொல்வதுதான் அவள் வேலை. தெருக்காரர்கள் வைத்த பெயர் 'குப்பை மேடம்'. அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் பெருமை என்றுகூடச் சொல்லலாம்.

சொல்வதென்றால் வாய்க்கு வந்ததைச் சொல்வதில்லை. அதற்கு ஒரு முறை இருந்தது. வேலைக்குப் புதிதாகச் சேர்பவர்களுக்கு அவளே பயிற்சி கொடுப்பாள். கதவு திறந்ததும் குறை சொல்லக்கூடாது. சொன்னால் மனுஷன் காதை மூடிக்கொள்வான். அந்த வீட்டில் நல்லது ஏதாவது ஒன்று கண்ணில் படும். வாசலில் ஒரு செடி, கொடியில் காயும் ஒரு துணிப்பை, ஏதோ ஒன்று. முதலில் அதைப் பாராட்ட வேண்டும். 'நாம் நல்லவர்கள்தான்' என்று ஒருமுறை நினைத்துவிட்டவர்கள் அந்த நினைப்பைக் காப்பாற்றிக்கொள்ள எவ்வளவு தூரமும் வருவார்கள். அப்புறம் சின்னதாக ஒன்றைக் கேட்கலாம். ஆனால் உங்களுக்கு அது எவ்வளவு வேண்டும் என்பதை மட்டும் முகத்தில் காட்டிவிடாதீர்கள் என்பாள். ஏங்குகிறவர்களைக் கண்டால் ஜனங்கள் ஒதுங்கிப் போவார்கள்.

ஊருக்குத்தான் உபதேசம் என்று அவளை யாரும் பழிக்க முடியாது. தான் சொன்னபடியேதான் வாழ்ந்தாள். கோளாறு அதில் இல்லை. அவளுக்கு ஒரே மகள். புதுப்பேச்சு எதுவானாலும் முதல் ஒத்திகை அந்தப் பெண்ணிடம்தான். மகள் குளியலறைக்குள் நின்றுகொள்வாள். அம்மா கதவைத் தட்டுவாள். மகள் சிடுசிடு வீட்டுக்காரியாக முறைத்துக்கொண்டே திறப்பாள். சின்ன வயதில் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். பெண் வளர வளரச் சிரிப்பு குறைந்தது. ஒருநாள் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கிக்கொண்டு வந்தாள். "எவ்வளவு பொறுப்பாப் படிச்சிருக்க!" என்றாள் அம்மா. "சரி, இப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டாள் மகள். அம்மா அதை ஆபீஸில் ஜோக்காகச் சொல்லிச் சிரித்தாள். சிரித்திருக்க வேண்டாம்.

படிப்பு முடிந்ததும் மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். போனில் "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், வெச்சிடறேன்" என்பதோடு சரி. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று பக்கத்து வீட்டுக்காரி ஆறுதல் சொல்வாள். ஆனால் குப்பை மேடத்துக்குத் தெரியும், அந்தப் பிள்ளை கல் இல்லை என்று. எந்த வீட்டிலாவது மகள் வயதுப் பெண் ஒருத்தி தலையைத் துவட்டிக்கொண்டே கதவைத் திறந்தால், பாராட்டு மறந்துபோய் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். கூட வந்தவர்கள் முழங்கையால் இடிக்க வேண்டியிருக்கும்.

அப்படியிருக்க, ஆபீஸ் வேலையாக வருவதாகவும் மத்தியானம் எட்டிப் பார்த்துவிட்டுச் சாயங்கால ரயிலில் திரும்புவதாகவும் மகளிடமிருந்து போன் வந்தது. அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒரு ராத்திரியாவது தங்கவைத்துவிட வேண்டும். அதற்கு முதல் வேலை, உபதேச வாசனையே வீட்டில் அடிக்கக்கூடாது. உரத்தொட்டியைப் பால்கனியில் துணி போட்டு மூடினாள். காகிதத் தட்டும் பாட்டில் தண்ணீரும் வாங்கினாள். அப்புறம் கோழிக்கடைக்குப் போனாள். சின்ன வயதில் மகளுக்குக் கோழி என்றால் உயிர். இனிக்க இனிக்கப் பேசி அதை வீட்டை விட்டே விரட்டியது இந்த அம்மாதான். அப்புறம் மகள் வெளியில்தான் சாப்பிட்டுக்கொண்டாள்.

"மேடம், வழி தவறி வந்துட்டீங்களா?" என்றார் கடைக்காரர்.

"அறுக்கும்போது மட்டும் சொல்லுங்க, திரும்பிக்கறேன்," என்றாள்.

மகள் வந்தாள். இளைத்திருந்தாள். தோள்பையிலிருந்து தேய்ந்துபோன ஒரு எவர்சில்வர் பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டு, மேஜையைப் பார்த்தாள்.

"என்னம்மா இது?"

"உனக்குப் பிடிக்குமே."

"நான் கறி விட்டு ரொம்ப நாளாச்சு."

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். "ஒரு வார்த்த சொல்லலையே நீ?"

"சொன்னா பாராட்டுவ."

"பாராட்டினா தப்பா?"

"உன் பாராட்டுக்குப் பின்னாடி எப்பவும் ஒண்ணு வருமே." மகள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "சிக்னல்ல ஒரு கோழி லாரி என் பக்கத்துல நின்னுச்சும்மா. கூண்டுல இருந்து ஒண்ணு என்னையே பாத்துச்சு. அன்னிக்கே விட்டுட்டேன். யாரும் சொல்லி இல்ல. உங்கிட்ட சொன்னா அடுத்த பயிற்சியில அத உதாரணமாச் சொல்லுவ. எனக்கே எனக்குன்னு இது ஒண்ணாவது இருக்கட்டும்னு வெச்சுக்கிட்டேன்."

'உனக்கு எவ்வளவு பெரிய மனசு!' அம்மாவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அது பொய்யில்லை, மனதார நினைத்ததுதான். ஆனால் ஊரில் பாதிக் கதவுகளிடம் சொல்லித் தேய்ந்த சொல் அது. வாயை மூடிக்கொண்டாள். பெற்ற பெண்ணுக்கென்று புதிதாக ஒரு சொல்கூடத் தன்னிடம் மிச்சமில்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"இந்தக் கோழிய என்ன பண்றது? கொட்டக்கூடாது," என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். கீழ்வீட்டு டெய்லர் சட்டியோடு வாங்கிக்கொண்டு, இன்றைக்கு என்ன விசேஷம் என்று மூன்று தரம் கேட்டார். மேலே வந்து மோர் ஊற்றிச் சாப்பிட்டார்கள். சிரிப்பு ஓய்ந்ததும் பேச்சும் ஓய்ந்தது. மகள் மணியைப் பார்த்தாள், பையை எடுத்தாள், வாசலில் நின்று செருப்பை மாட்டினாள்.

அம்மா பின்னாலேயே வந்தாள். தங்கவைக்க நல்ல நல்ல வழியெல்லாம் வரிசைகட்டி நின்றது. மழை வரும் போலிருக்கிறதே என்று ஆரம்பிக்கலாம். எவ்வளவு உழைக்கிறாய், ஒருநாள் ஓய்வு எடுக்கக்கூடாதா என்று வளைக்கலாம். ஒவ்வொன்றும் பலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் தள்ளினாள்.

"போகாதடி," என்றாள். "இன்னிக்கு இங்க இரு. உன் நல்லதுக்கு இல்ல. எனக்கு நீ வேணும். நீ இல்லாம என்னால முடியல."

பயிற்சிக்கு வந்தவர்கள் யாராவது இப்படிக் கெஞ்சியிருந்தால், இந்த வேலைக்கு நீ லாயக்கில்லை என்று அவளே திருப்பி அனுப்பியிருப்பாள். முகத்தில் ஏக்கம் அப்படியே தெரிந்தது. மறைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

மகள் திரும்பிப் பார்த்தாள். இனி என்ன வரப்போகிறது என்று காத்திருக்கிற பார்வை, குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்று பழகிய பார்வை. எதுவும் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா நின்றாள், அவ்வளவுதான்.

"இன்னொரு தடவ சொல்லு," என்றாள் மகள்.

அம்மா சொன்னாள். இந்த முறை பாதியிலேயே அழுதுவிட்டாள். மகள் பையை இறக்கிவைத்து, குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

"காலையிலயும் ஒரு ரயில் இருக்கும்மா," என்றாள்.