பின் படுக்கைக்குக் கீழே

வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்து டார்ச்சை மேலே அடித்ததுமே, மாமியாரிடம் தான் வசமாக மாட்டிக்கொண்டது கண்ணாடிக்காரருக்குத் தெரிந்துவிட்டது.

சைலன்சர் குழாய் பின் அச்சுக்கு மேலே வளைந்து போகிற இடத்தில் துருப்பிடித்து அப்பளம் போல உதிர்ந்திருந்தது. ஓட்டை கீழ்ப்பக்கம் இருந்திருந்தால் புகை சாலையோடு போயிருக்கும். இது மேல்பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதற்கு நேர் மேலே வேனின் அடித்தகடு கரியாக அப்பியிருந்தது. கரிக்கு நடுவே, தண்ணீர்க் குழாய் உள்ளே போவதற்காக யாரோ எப்போதோ போட்ட துளை. அதைச் சுற்றி அடைத்திருந்த ரப்பர் காய்ந்து எங்கோ விழுந்துவிட்டிருந்தது. அந்தத் துளைக்கு மேலே இருப்பது பின் படுக்கை. மாமியாரின் படுக்கை.

அந்த வேனை இரண்டு மாப்பிள்ளைகளும் சேர்ந்து வாங்கியிருந்தார்கள். அடுப்பு, தொட்டி, மடக்கு மேசை, படுக்கை எல்லாம் உள்ளேயே உண்டு, வண்டிக்குத்தான் வயதாகிவிட்டது. மூத்தவர் பேக்கரி வேன் ஓட்டுபவர் என்பதால் குடும்பத்தில் அவர் ரொட்டிக்காரர். இளையவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துபவர் என்பதால் கண்ணாடிக்காரர். விடுமுறை வந்தால் எல்லோரும் ஏறிக் கிளம்பிவிடுவார்கள். பின் படுக்கையை மாமியாருக்கு ஒதுக்கியது மரியாதைக்காக.

ஆனால் ஒவ்வொரு முறையும் பாதி வழியில் அவர் எழுந்து உட்கார்ந்து, "தலை வெடிக்குதுப்பா, வண்டிய நிறுத்துங்க" என்பார். இறங்கிக் கொஞ்சம் காற்று வாங்கினால் தெளிந்துவிடுவார். ஏதோ புகைந்த வாடை வருகிறது என்றும் சொல்லிப் பார்த்தார். முன்னால் இருந்தவர்கள் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். போன பயணத்தில் கண்ணாடிக்காரர் சும்மா இருக்காமல், "அத்தைக்கு ஏறினா தலைவலி, இறங்கினா பசி. என்னமா நடிக்கிறாங்க!" என்று வாயை விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மாமியாரும் சிரித்தார். அதன்பிறகு அவர் அந்த வேனில் கால் வைக்கவில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. தொலைவில் இருக்கும் மச்சினனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஞாயிறு காலை வேனில் போய்ப் பார்ப்பதாக ஏற்பாடு. பஸ்ஸில் அவ்வளவு தூரம் உட்கார மாமியாரின் முழங்கால் இடம் கொடுக்காது. வேன் என்றதும், "நீங்க போயிட்டு வாங்க. எனக்குப் போட்டோ அனுப்பினா போதும்" என்றுவிட்டார்.

"எங்கம்மா பேத்திய போட்டோவுல பாக்கப் போறாங்க. எல்லாம் உங்க வாயால" என்று கண்ணாடிக்காரரின் மனைவி சொன்னது வியாழக்கிழமை. அதற்குப் பிறகு சோறு மட்டும் வந்தது, பேச்சு வரவில்லை.

வேன் சில நாட்களாக டிராக்டர் போல உறுமியதால்தான் இந்தச் சனிக்கிழமை குழாய் மாற்றும் வேலையே. அதற்குள் இப்படி ஒரு வில்லங்கம் இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. வெளியே ஊர்ந்து வந்து, உள்ளே ஏறி, பின் படுக்கை மெத்தையைப் புரட்டினார். மெத்தையின் அடியில், தலை வைக்கிற பக்கம், சாம்பல் நிறத்தில் வட்டமாகக் கறை.

"சகல, இங்க வாங்க" என்றார்.

ரொட்டிக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். கறையை விரலால் தேய்த்துப் பார்த்தார். "அத்தை பொழச்சதே பெருசு" என்றார் பிறகு. "இத யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. பைப் பழசு, மாத்தியாச்சு. அவ்வளவுதான்."

"அப்படிச் சொன்னா அவங்க வருவாங்களா?"

"வர மாட்டாங்க."

"அப்ப?"

"அப்ப நீங்களே சொல்லுங்க. வாய் உங்களோடதுதானே."

முதலில் வேலை. ஜாக்கி வைத்து வேனின் பின்பக்கத்தைத் தூக்கி, சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டுகளை நிறுத்தினார்கள். கண்ணாடிக்காரர் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. திரும்பவும் தள்ளிப் பார்த்தார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் அவர்.

பழைய போல்ட்டுகள் எண்ணெய் குடித்தும் அசையவில்லை. ஒன்று பாதியில் முறிந்தது. இன்னொன்றை ரம்பத்தால் அறுக்கவேண்டியிருந்தது. துருத் தூள் இரண்டு பேர் கண்ணிலும் விழுந்தது. குழாய் கடைசியில் ஒரு முனகலோடு கழன்று, ரொட்டிக்காரரின் மார்பில் விழுந்தது.

புதுக் குழாயை ஏற்றி, ரப்பர் வளையங்களில் தொங்கவிட்டு, கிளாம்புகளை இறுக்கினார்கள். அச்சுக்கும் வளைவுக்கும் நடுவில் கை நுழையும் அளவு இடம் இருந்தது. லென்ஸ் வெட்டுகிறவருக்கு அது தாராளம். அடித்தகட்டுத் துளையைப் புது ரப்பராலும் பசையாலும் அடைத்தார்கள். ரொட்டிக்காரர் கடைக்கு ஓடிப்போய், விஷப்புகை வந்தால் கத்துகிற சின்ன அலாரம் ஒன்று வாங்கிவந்து படுக்கைத் தலைமாட்டில் மாட்டினார்.

பிறகு கண்ணாடிக்காரர் முகம் கழுவாமல், பழைய குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்கு நடந்தார். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அவர் மனைவி அங்கே உட்கார்ந்து குழந்தைக்கான துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன கோலம்?" என்றார் மனைவி. வியாழனுக்குப் பிறகு முதல் வார்த்தை.

அவர் குழாயைத் தரையில் செய்தித்தாள் விரித்து வைத்தார். "அத்தை, நீங்க படுக்கிற எடத்துக்கு நேர் கீழ இருந்துச்சு. புகை மேல ஏறியிருக்கு. மெத்தை எல்லாம் கரி. பைப்ப இப்ப மாத்தியாச்சு. நீங்க நடிக்கல. நான்தான் தெரியாம பேசிட்டேன்."

மாமியார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். மாப்பிள்ளை வெட்டிப் பொருத்திக் கொடுத்த கண்ணாடிதான் அது. ஓட்டைக்குள் இரண்டு விரல்களை விட்டு, உள்ளே ஆட்டிப் பார்த்தார். விளிம்பு பொலபொலவென்று உதிர்ந்தது.

"என் தலைவலி இவ்ளோ பெருசா இருந்திருக்கு" என்றார். "வாய் திறந்து சொன்னேன், ஒருத்தருக்கும் கேக்கல. இரும்பு வந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கு."

"இப்ப சரி பண்ணியாச்சும்மா" என்றார் மகள்.

"யாரு சொன்னா? இவர் சொன்னாரா? அப்பவும் இவர்தான் சொன்னாரு." மாமியார் எழுந்து கையைத் துடைத்தார். "வாங்க மாப்பிள்ளை, ஒரு சுத்து போயிட்டு வருவோம். நீங்க பின்னாடி படுங்க. நான் முன்சீட்ல உக்காந்துக்கறேன்."

ரொட்டிக்காரர் ஓட்டினார். மாமியார் அவர் பக்கத்தில் ஏறி, பெல்ட்டை மாட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடிக்காரர் பின்னால், மெத்தையைத் திருப்பிப் போட்டு, அலாரத்தின் பச்சை விளக்கைப் பார்த்தபடி படுத்தார். வேன் அமைதியாகப் போனது. வாடை இல்லை. ஒருமுறை மூக்கை மெத்தையில் அழுத்திக்கூட மோந்து பார்த்தார். மனதுக்குள் லேசாகப் பெருமை எட்டிப் பார்த்தது.

முதல் வேகத்தடை வந்தது. முதுகுக்கு அடியில் 'டங்' என்று ஒரு இடி.

அடுத்த மேட்டில் மறுபடி 'டங்'. சாலை கொஞ்சம் கெட்டுப்போன இடத்தில், யாரோ சுத்தியலோடு படுக்கைக்கடியில் உட்கார்ந்திருப்பது போல விடாமல் அடித்தது.

"சகல! நிறுத்துங்க!" என்று கத்தினார்.

முன்னால் எஞ்சின் சத்தம். ரொட்டிக்காரர் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் சுவரைத் தட்டினார். கேட்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி நடந்து போய் முன்சீட்டுக்குப் பின்னால் நின்று, "கீழ ஏதோ இடிக்குது" என்றார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார் ரொட்டிக்காரர்.

மாமியார் மெதுவாகத் திரும்பினார். "என்ன மாப்பிள்ளை, தலைவலியா?"

ரொட்டிக்காரர் சிரிக்கப் பார்த்து, சகலையின் முகத்தைப் பார்த்து, அடக்கிக்கொண்டார். வண்டி ஓரமாக நின்றது.

குனிந்து பார்த்ததும் புரிந்துவிட்டது. தூக்கி நிறுத்தியிருந்தபோது சக்கரமும் அச்சும் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. அந்த இடைவெளியைத்தான் அவர் அளந்திருந்தார். வண்டி தரையில் நின்றதும் எடை ஏறி, அச்சு மேலே வந்து, கையளவு இடம் விரலளவாகிவிட்டது. மேடு வந்தால் அதுவும் இல்லை. காற்றில் தொங்குகிற வண்டிக்கு அளவெடுத்து, தரையில் ஓடுகிற வண்டிக்குக் குழாய் மாட்டியிருக்கிறார். புதுக் குழாயில் அச்சு இடித்த இடம் அதற்குள் பளபளவென்று தெரிந்தது. இப்படியே நாளை நாளெல்லாம் ஓட்டினால் அதே இடத்தில் இன்னொரு ஓட்டை.

"நான் முன்னாடி உக்காந்திருந்தா இது தெரிஞ்சிருக்காது" என்றார் கண்ணாடிக்காரர். யாரிடம் என்றில்லாமல்.

வீட்டுக்குத் திரும்பி, பின் சக்கரங்களை இரும்புச் சரிவுப் பலகைகள் மேல் ஏற்றி நிறுத்தினார்கள். இப்போது வண்டியின் முழு எடையும் சக்கரத்தில். குழாய் ஆறட்டும் என்று காத்திருந்து, கண்ணாடிக்காரர் கிளாம்புகளைத் தளர்த்தி, வளைவைத் திருப்பி உயர்த்தி, மறுபடி இறுக்கினார். மாமியார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்து மாப்பிள்ளை ஊர்ந்து வெளியே வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "மறுபடி ஒரு சுத்து?"

மறுபடி ஒரு சுற்று. அதே வேகத்தடை, அதே கெட்ட சாலை, அதே படுக்கை. இந்தமுறை தட்டுகள் மட்டும் அலமாரிக்குள் குலுங்கின.

ஞாயிறு காலை மாமியார் இரண்டு பைகளோடு வந்தார். துணிப்பையை மகளிடம் கொடுத்துவிட்டு, கைப்பையை முன்சீட்டில் வைத்தார்.

"அத்தை, பின்னாடி படுக்கை விரிச்சு வச்சிருக்கேன். புது மெத்தை" என்றார் கண்ணாடிக்காரர்.

"இருக்கட்டும். அங்க நீங்க படுங்க." அவர் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தார். "தூங்கிடாதீங்க. ஏதாவதுன்னா சொல்லுங்க. எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும்."

வண்டி கிளம்பியது. மனைவி மடக்கு மேசையிலிருந்து ஒரு தலையணையை அவர் பக்கம் தள்ளிவிட்டார். கண்ணாடிக்காரர் அதைத் தலைக்குக் கீழே வைக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காதை மெத்தையில் வைத்துப் படுத்தார். ஊரைத் தாண்டும் வரை எந்தச் சத்தமும் இல்லை. தாண்டிய பிறகும் அவர் காதை எடுக்கவில்லை.