சந்தனம் வைத்த கேசட்

ஆடி வெள்ளி என்றால் அந்த வீட்டில் ஒரு பொருளும் தப்பாது. சண்முகசுந்தரி நிலைக்குச் சந்தனம் வைத்தாள், தையல் மிஷினுக்கு வைத்தாள், டிவிக்கும் வைத்தாள். அடுத்து, புருஷன் முத்துக்குமாரசாமி பஹ்ரைனிலிருந்து கொண்டுவந்த அட்டாரி வீடியோ கேம் பெட்டி. அங்கே கடைகளில் அது பத்து வருசப் பழசு. தென்காசித் தெருவுக்கு அதுதான் முதல். மர வரி ஓடிய அதன் முகப்பில் பொட்டு வைக்க இடமிருந்தது. ஆட்டத்துக்காக மேலே சொருகும் கேசட்டுக்குத்தான் எது முகமென்று தெரியவில்லை. பித்தளைப் பல்வரிசை மின்னிய பக்கமாகத்தான் இருக்கும் என்று சந்தனத்தைத் தாராளமாக அப்பி, குங்குமமும் வைத்து, திரும்பச் சொருகினாள். சாமி காரியத்தில் அவளுக்குக் கஞ்சத்தனம் கிடையாது.

சொருகிய பிறகுதான் அவன் முதல் நாளே சொன்னது ஞாபகம் வந்தது. "அந்தப் பல்லுல வெரல் பட்டாக்கூட படம் வராது, கேட்டியா?"

உருவினாள். பாதிச் சந்தனம் பெட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது. ஊக்கால் நோண்டினாள், முந்தானையால் துடைத்தாள். குற்றாலச் சாரல் ஊர்வரைக்கும் அடிக்கிற மாதம். துவைத்த துணியே காயாதபோது சந்தனமா காயும்? போன லீவில் டேப் ரெக்கார்டரைக் கீழே போட்டதற்கு வாங்கிய அடியில் அவளுக்கு இடது மோதிரவிரல் இன்னும் மடங்காது. சொன்னாலும் அடி, சொல்லாவிட்டாலும் அடி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். அடி வாங்குகிறவளுக்கு அப்படித் தோன்றாது.

ஐந்தருவியில் குளித்துவிட்டு அவனும், அவனோடு பஹ்ரைனில் வேலை பார்க்கும் ஹபீபுல்லாவும் ஈரத் தலையோடு வந்தார்கள். வந்ததும் முத்துக்குமாரசாமி பெட்டியைப் போட்டான். டிவியில் வெறும் கோடுகள். கேசட்டை உருவி வாயால் ஊதினான். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சண்முகசுந்தரி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"யாருட்டி இதுக்குப் பொட்டு வச்சது?"

"ஆடி வெள்ளில்லா... நாந்தான்..."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "பாத்தியாலே ஹபீபு, கேசட்டுக்குச் சந்தனக்காப்பு!"

"மதினி நல்லதுக்குத்தான செஞ்சிருக்காக, விடுலே" என்று ஹபீபுல்லாவும் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. வீணாகப் பயந்தோமே என்றிருந்தது. இரண்டு பேருக்கும் காப்பி கொடுத்தாள்.

கடையநல்லூர் பஸ்ஸுக்கு ஹபீபுல்லா எழுந்தான்.

"இருங்கண்ணே, தோசை சுடுதேன். சாப்ட்டுட்டுப் போலாம்."

ஏன் அப்படிக் கெஞ்சினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவனுக்கு நேரமில்லை.

முத்துக்குமாரசாமி தெருமுனைவரை போய் வழியனுப்பிவிட்டு வந்தான். செருப்பைக் கழற்றி ஜோடியாகச் சுவரோரம் வைத்தான். முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. தெருக்கதவைத் தாழ்ப்பாள் போட்டான். ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினான். பிறகு, படமே வராத டிவியின் சத்தத்தை முழுக்கக் கூட்டினான்.