மூன்று சீட்டு விழாத மேசை

...ஆறு டாலர் பந்தயம் வைத்தால் ரெண்டு பேராவது கூட வருவார்கள், மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக அந்த மூன்று சீட்டு விழும், விழுந்தால் ஜெயிப்பவன் பணத்தில் நூற்றுக்கு ஐந்து கிளென் பைக்குள் போகும், அதனால் இருபது, கையில் என்ன குப்பை இருந்தாலும் இருபது, எல்லோரும் பயந்து சீட்டைக் கவிழ்த்து விலகட்டும், மூன்று சீட்டு விழாத ஆட்டத்துக்குக் கமிஷன் கிடையாது, அதுதானே விதி, நான் போட்ட விதி... நான் வேலை பார்க்கும் ஜீலாங் பல் மருத்துவமனை வாசலில் காருக்குள் உட்கார்ந்து, மதிய இடைவேளை அரை மணி, சிப்ஸில் தெளித்த வினிகர் ஒட்டிய விரலால் போனைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். கிளெனும் நானும் புருஷன் பெண்டாட்டியாக இருந்தபோது சமையலறையில் உட்கார்ந்து தொடங்கியதுதானே இந்த ஆன்லைன் போக்கர் கிளப், "சீட்டே விழாத ஆட்டத்துக்குக் காசு எடுக்கறது அசிங்கம், கிளென்" என்று சொன்னது யார், முதல் முப்பது பேரைப் பிடித்துக் கொடுத்தது யார்? ஒரு செவ்வாய்க்கிழமை, தன் பெட்டியைக் காரில் வைத்துவிட்டு வந்து, "கிளப் என் பேர்ல இருக்கு ரேலீன், உனக்கு இதுல என்ன தெரியும், நீ போய் ஊரார் பல்ல எண்ணிட்டு இரு" என்றானே... எண்ணுகிறேன்டா, உன் பல்லைத்தான்.

இருபது நாளாக 'பெலிகன்' என்ற பொய்ப்பேரில் வருகிறேன், நான் இருக்கும் மேசையில் அவனுக்குச் சல்லிக்காசு பெயர்வதில்லை, அதை நினைத்தாலே வயிறு குளிர்கிறது. இதோ, கடவுளே, ரெண்டு ஏஸ்... எப்போதோ ஒருமுறை வரும் ஆகப்பெரிய கை, ஆறு வைத்தால் கோலாக் ஊரிலிருந்து ஆடும் ட்ரெவர் ஆசைப்பட்டு வந்து மாட்டுவான், எனக்கு நூறு டாலர் வந்தாலும் வரும், அதில் இவனுக்கு ஐந்து... அந்த ஐந்தில், என்னை விட்டுப் போய்ச் சேர்ந்துகொண்டானே அவளோடு உட்கார்ந்து காபி குடிப்பானே, கூடாது, இருபது, இல்லை, நாற்பது, வைத்துவிட்டேன். எல்லோரும் கவிழ்த்தார்கள். முதலிலேயே மேசையில் கிடந்த மூன்று டாலர்தான் எனக்கு. சிரித்தேன், கண் எரிந்தது, வினிகர் பட்டிருக்கும்.

ட்ரெவர் பொங்கிவிட்டான், "யோவ் பெலிகன், அந்த மூணு சீட்டக் கண்ணாலயாவது பாக்க விடுய்யா! கிளென், இந்த ஆளத் தூக்கி வெளிய போடு, இவன் வந்தா ஆட்டமே இல்ல" என்று எழுதினான். மேசைப் பேச்சில் தலைகாட்டாத கிளென் இன்று பதில் போட்டான்: "விடு ட்ரெவ். அவ விதிப்படிதான் ஆடறா."

அவ... ஆடறா... இங்கே எல்லோருக்கும் பெலிகன் ஆம்பளைதானே, இவனுக்கு எப்போது தெரிந்தது, முதல் நாளேவா? ஒரு தட்டு தட்டினால் என்னை வெளியேற்றலாம், அந்த விதியையே அழிக்கலாம், கிளப்தான் அவன் பேரில் இருக்கிறதே, இத்தனை நாளாக ஏன் செய்யவில்லை... நான் பிடுங்குகிறேன் என்று நினைத்ததெல்லாம் அவன் போட்ட பிச்சையா? அடுத்த சீட்டு வந்துவிட்டது, ரெண்டு ஜாக், இதுவும் நல்ல கைதான், நேரம் ஓடுகிறது, இருபது என்று அடிக்கிறேன், அழிக்கிறேன், ஆறு என்று அடிக்கிறேன், அதையும் அழிக்கிறேன்... பார்த்துக்கொண்டிருக்கிறானோ.